வெளியே கிடந்த பாட்டு

வாயில் புளிசாதம் இருக்கும்போது அந்தப் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் ஆரம்பித்தது.

போச்சு, பிழைப்பு போச்சு என்று இலையை விட்டு எழுந்தேன்.

ராசாப்பேட்டையில் ஒரு வளைகாப்பு வீடு. மைக்செட் என்னுடையது. பூவராகன் ஒலி ஒளி அமைப்பு, சிதம்பரம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் ஒரு பாட்டு மாறியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஆம்ப்ளிஃபயர் புகைந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். பாட்டு மாறினால் மன்னிக்க மாட்டார்கள். காத்தவராயன் என்று ஒருத்தன், என்னைவிட நல்ல செட் வைத்திருந்தவன், தாலி கட்டுகிற நேரத்தில் சாவுப் பாட்டைப் போட்டுவிட்டான். இப்போது கம்மாபுரம் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

அதனால் என் பென்டிரைவில் எல்லாம் தனித்தனி ஃபோல்டர். சாமி, கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கட்சி, சாவு. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பல்லவி முடிவதற்குள் எதில் போட வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

இந்த ஒரு பாட்டைத்தான் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் குமராட்சி மினிபஸ்ஸில் கேட்டேன். ஒரு பொம்பளைக் குரல். ஒப்பாரி மாதிரி எடுத்தது. சாவு ஃபோல்டர் என்று நினைப்பதற்குள் வலை இழுக்கிற பாட்டாக வேகம் பிடித்தது. நடுவில் மீன் விலை பேசுகிற மாதிரி படபடவென்று பேச்சு, ஆனால் தாளம் தப்பவில்லை. கடைசியில் கோயிலில் ஓதுவார் இழுப்பதுபோல ஒரே இழுப்பு. தாளம் தவிலும் இல்லை, பறையும் இல்லை. ஏதோ அலுமினியப் பாத்திரம்.

கடலு குடுத்தத கூடையில வச்சேன்,
கூட குடுத்தத கழுத்துல வச்சேன்,
யாரும் குடுக்காதத எங்க வப்பேன்?

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. டிரைவரிடம் கெஞ்சி போனில் வாங்கிக்கொண்டேன். யார் பாடியது என்று அவருக்கும் தெரியவில்லை. யாரோ அனுப்பினார்களாம். பெயர் இல்லை, படம் இல்லை.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். மூன்றாவது அடிக்கு முன்னால் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இடத்தில் ரெண்டு தடவை அழுதிருக்கிறேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் மைக் பிடிக்கிற அத்தனை பேரையும் விசாரித்துவிட்டேன். ஒரு தடவை நேரில் பார்த்து, எப்படிம்மா இப்படி என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எதிலும் சேராததால் அதை ஃபோல்டருக்கு வெளியிலேயே போட்டு வைத்திருந்தேன். நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து வளைகாப்பு ஃபோல்டர் முடிந்து, பெட்டி தானாக அதற்குப் போய்விட்டது.

ஓடினேன். பந்தலில் வளையல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

“எவன்டா அவன், சுபகாரியத்துல ஒப்பாரி வக்கிறது?”

பெண்ணின் தாய்மாமன் வைத்திலிங்கம். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் பெண்ணின் மாமியார் சௌந்தரம் வளையல் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். கடலூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அவர் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான், பேரம் பேச ஆள் கிடையாது. காலையில் குழாய் கட்டும்போதே, “சத்தம் ஜாஸ்தி வச்சா வயித்துப்புள்ள பயந்துக்கும்” என்று என்னை ஒரு பிடி பிடித்திருந்தார்.

தெரியாம வந்துடுச்சிம்மா, இதோ நிறுத்திடறேன் என்று வாயில் சோற்றோடு உளறிக்கொண்டே பட்டனைத் தொடப் போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

திட்டவில்லை. தலையைச் சாய்த்துக் குழாயையே பார்த்தார். இன்னொரு கையின் விரல்கள் என் ஆம்ப்ளிஃபயர் மூடியில் தட்டிக்கொண்டிருந்தன. குழாயில் தாளம் வருவதற்கு முன்னால் விரல் போனது.

கன்னமெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்த மருமகள் தமிழினி, வளையல் அடுக்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சௌந்தரம் அவள் பக்கம் திரும்பினார்.

“போன்லயே வச்சிக்க, வெளிய உடாதன்னு சொன்னனா இல்லியா?”

வைத்திலிங்கம் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு சௌந்தரம் என்னிடம், கையை விடாமல், மெதுவாகச் சொன்னார்.

“மூணாவது அடிக்கு முன்ன கொஞ்சம் சத்தத்தக் கொறச்சி வையிப்பா. அங்க எனக்கு மூச்சு வாங்கிடும்.”

எனக்குத் தெரியாதா அந்த இடம்?

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வீட்டுக்காரர் குறைக்கச் சொன்ன சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.