பதினாலு கூரைகளில் மீன்கண்

ஒதிலியா, ஹிலாரியோவின் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்தாள். ஹிலாரியோ சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

"சுத்தம். அடுத்த ஆள் வா."

"மேடம், எனக்கே சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை மோந்து பாத்துடுங்களேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒதிலியா சிரிக்கவில்லை. ராமோஸ் அரிஸ்பே என்ற ஊரில் இருந்த அந்தக் கார் தொழிற்சாலையில் பெயின்ட் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு சென்ட், தலைக்கு எண்ணெய், முகப்பூச்சு எதுவும் ஆகாது. பொடியளவு உதிர்ந்தால் போதும், ஈரப் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு விலகிக் குழி விழும். மீன்கண் என்பார்கள். காலையிலிருந்து பதினாலு கார்க் கூரைகளில் மீன்கண்.

அதுவும் இன்றைக்குப் பார்த்து. மதியம் ஒரு மணிக்கு 'உயரும் பெண்' விருது விழா. வாங்கப்போகிறவள் ஒதிலியா. பேனரில் அவள் பெயர் தபால்தலை அளவுக்கும், விருதைக் கொடுக்கப்போகும் இயக்குநர் தோன் எவரார்தோவின் முகம் ஆளுயரத்துக்கும் இருந்தன.

அந்த முகம் இப்போது நேரிலேயே வந்து நின்றது. எல்லோரும் போட்டிருந்த அதே வெள்ளை அங்கிதான். அவர் மட்டும் அதைப் பட்டாபிஷேகத்துக்குப் போட்டதுபோல் போட்டிருந்தார். ஈரப் பெயின்ட் பின்னணியில் விருதுப் படம் எப்படி வரும் என்று ஒத்திகை பார்க்க, போட்டோகிராபரோடு அன்றைக்கு அவர் உள்ளே வருவது இது நாலாவது முறை.

"நான் அப்பவே நெனச்சேன் ஒதிலியா. விருதுன்னதும் உன் பொண்ணுங்க எல்லாம் கண்ணாடி முன்னாடி உக்காந்திருப்பாங்க. பெண்களை உயர்த்தணும்னு நானும் நாடு பூரா பேசிட்டு வரேன். ஆனா இயற்கைன்னு ஒண்ணு இருக்கே!"

"யாரும் எதையும் பூசலை, தோன் எவரார்தோ."

"பூசலையா? அதோ அந்த உதட்டைப் பாரு!"

எல்லோரும் திரும்பி, காருக்குப் பாலிஷ் போடும் தெல்ஃபினாவைப் பார்த்தார்கள். உதடு செக்கச்செவேல் என்றுதான் இருந்தது.

"மிளகாய்ப்பொடி போட்ட மாங்கா ஐயா. வாசல்ல வண்டிக்காரர்கிட்ட வாங்கினது. உங்களுக்கும் ஒண்ணு சொல்லவா? பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும்."

ஹிலாரியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

இயக்குநருக்கு வியர்த்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றிவரை கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, அதை விரித்து விசிறிக்கொண்டார்.

"கிண்டலெல்லாம் வேணாம். ஒரு மணிக்குள்ள காரணம் தெரிஞ்சாகணும். இல்லேன்னா விருது வேற யாருக்காவது போகும். நீயும் நாளையிலேர்ந்து சீட் தைக்கிற பக்கம் போயிடு. ஊசி நூல்னா உங்களுக்கு ஒத்து வரும்."

ஒதிலியா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்து, ஒன்பது வருஷத்தில் ஆறு ஆண்களைத் தாண்டிப் பிடித்த கூடம் இது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இன்னும் அவளுக்கு வணக்கம் சொல்வதில்லை. மணி பன்னிரண்டரை.

ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்தாள். ஆண், பெண் பார்க்காமல் வரிசையில் நின்ற இருபத்து மூன்று முகங்களையும் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. தெல்ஃபினாவின் புண்ணியத்தில் ஓரத்தில் கொஞ்சம் மிளகாய்.

"முன்னாடியே கழுவியிருப்பாங்க," என்றார் இயக்குநர்.

"இருக்கலாம்," என்றாள் ஒதிலியா. சுவர்த் தொலைபேசியை எடுத்து வாசல் காவலரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இன்னிக்கு வெளியாள் யாராவது மேக்கப் பெட்டியோட வந்தாங்களா? வந்தாங்களா! இன்னும் உள்ளதான் இருக்காங்களா? அப்படியே பெயின்ட் கூடத்துக்கு அனுப்புங்க."

வரிசையில் சலசலப்பு. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயா?"

"போடி, எனக்கு ஷாம்பூ வாங்கவே வக்கில்ல."

தோன் எவரார்தோ தொண்டையைச் செருமினார். அவர் குரலில் திடீரென்று தேன் வடிந்தது.

"சரி சரி, விட்டுடு ஒதிலியா. விழா நாள் அதுவுமா எதுக்கு ஒரு பொண்ணோட மானத்தை வாங்கணும்? யாரா இருந்தாலும் நான் மன்னிச்சிட்டேன். விருது உனக்குத்தான். வா, மேடைக்குப் போவோம்."

கூடத்தில் ஓரிருவர் கைகூடத் தட்டினார்கள். போட்டோகிராபர் அந்தப் பெருந்தன்மையை இரண்டு கோணங்களில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மன்னிச்சிட்டீங்க," என்றாள் ஒதிலியா. "பதினாலு கூரையையும் மறுபடி சுரண்டப்போறது நாங்க. நான் இன்னும் மன்னிக்கலை."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ரோஜா நிறப் பெட்டியோடு ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"உள்ள வராதீங்கம்மா, அங்கயே நில்லுங்க," என்று ஒதிலியா கதவை ஒரு சாண் திறந்தாள். "காலையில மேக்கப் போட்டது யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அந்தப் பெண் தலையை நீட்டி வரிசையை அளந்தாள். தெல்ஃபினாவைத் தாண்டினாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தாண்டினாள். ஒரு முகத்தில் வந்து நின்றதும் பதறிப்போய்ப் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ தோன் எவரார்தோ, அதுக்குள்ள கரைஞ்சிடுச்சா?"