தரையிறங்க அனுமதி

போன் கேமில் சூரியபிரகாஷின் ராக்கெட் நிலாவரை ஒழுங்காகப் போய்விடும். திரும்பி வந்து தரையிறங்க அனுமதி கேட்டால் மட்டும் ‘காத்திருக்கவும்’ என்று திரையில் வரும். எரிபொருள் தீரும்வரை சுற்றிச் சுற்றி, கடைசியில் விழுந்து நொறுங்கும்.

“என் ராக்கெட் இறங்குதே மாப்ள! உன் பேர்ல விளையாண்டாத்தான் இப்படி ஆகுது,” என்றான் நண்பன் ஸ்டீபன்.

போனை மாற்றிப் பார்த்தார்கள். வீடியோ எடுத்து கேம் கம்பெனிக்கு அனுப்பினார்கள். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பதில்தான்: ‘கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்.’

“ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. ஆபீஸ் நம்ம பசுமலையிலதான இருக்கு? நேர்ல போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்!” என்று கொதித்தான் சூரியபிரகாஷ்.

வருகிறோம் என்று எழுதிவிட்டே போனார்கள். ஆபீஸில் இருந்தவர்கள் உட்காரவைத்து, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள்.

“புகார் சொல்ல வந்தவங்களுக்கு இம்புட்டு மரியாதையா!” ஸ்டீபன் பஜ்ஜியைக் கடித்தான்.

“மொதல்ல இந்த கேமைச் செஞ்சது யாருன்னு சொல்லுங்க!” என்று சத்தம் போட்டான் சூரியபிரகாஷ்.

“நான்தான்,” என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் தாமரைச்செல்வி.

வாய்க்குப் போன கேசரி சூரியபிரகாஷின் கையிலேயே நின்றுவிட்டது.

“தெரிஞ்சவங்களா மாப்ள?”

அவள்தான் சொன்னாள்.

“போன தை மாசம் கல்லுப்பட்டிக்கு என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்கண்ணே. இதே கேசரி, பஜ்ஜியைச் சாப்பிட்டுட்டு, கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்னு போனாங்க. எங்கம்மா இன்னும் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.”

“அப்ப… என் ராக்கெட்டு?”

“காத்திருக்கவும்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.