ரேகை விழவில்லை

"ரேகை விழல. அடுத்த ஆள் வாங்க" என்றாள் ஜூடித்.

ஜீவனஹள்ளியில் அந்த ரேஷன் கடைக்கு ராணி அவள்தான். கைரேகை வைக்கும் மெஷினின் திரை எப்போதும் அவள் பக்கம் திரும்பியிருக்கும். அவள் சொன்னதுதான் தீர்ப்பு.

அசோகனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மேடம் இது? கார்டுல ஆதார் சேக்கற பதிவுல எனக்கு விழுந்துச்சு, ரெண்டு பசங்களுக்கும் விழுந்துச்சு. என் பொண்டாட்டிக்கு மட்டும் விழாதா? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, கொஞ்சம் பாத்து."

"விரல்ல அட்ஜஸ்ட் பண்ண முடியாதுங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள விழலேன்னா கார்டுல இருந்து பேரு போயிடும்."

யசோதா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பகலில் கார்மெண்ட்ஸ் வேலை, காலையும் மாலையும் வீட்டில் பாத்திரமும் துணியும். சோப்புத் தூள் தின்று விரல் நுனியெல்லாம் வெடித்து, ரெண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"பத்து நாள் இந்தக் கை சோப்புத் தண்ணியத் தொடக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி, கூட்டிட்டு வாங்க" என்றாள் ஜூடித்.

"அப்போ வீட்டு வேலைய யாரு செய்யறது?"

"அதையும் மெஷினா சொல்லும்?"

ரேஷன் கார்டு என்றால் சும்மாவா? அரிசியிலிருந்து ஆஸ்பத்திரி வரை அந்த ஒரு அட்டைதான். வேறு வழியில்லாமல், ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த அசோகன் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தான். காலேஜ் போகும் பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தார்கள். யசோதா விரலில் எண்ணெயோடு சீரியல் பார்த்தாள்.

எதிர்வீட்டு வனஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா அண்ணே, புது வேலையா?"

"கவர்மெண்ட் வேலை" என்று பல்லைக் கடித்தான் அசோகன்.

மூன்றாம் நாளே அவன் விரல்கள் எரிந்தன. "இந்தப் பவுடர்ல இன்னாடி போடறாங்க?"

"இருபத்திரண்டு வருஷமா அதேதான் போடறாங்க."

மறுநாளே ரப்பர் கையுறை வாங்கி வந்தான். தன் கை அளவுக்கு.

பத்தாம் நாள் போனால், "பாதிதான் விழுது. இன்னும் பத்து நாள் ஆகட்டும்" என்றாள் ஜூடித்.

அசோகன் கடை வாசலிலேயே கத்தினான். "வேணும்னே அலைய விடறாங்க! ஏழைங்கன்னா அவ்ளோ இளக்காரம். இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் குடுக்கறேன் பாரு!"

வரிசையில் நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ஜூடித் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இருபதாம் நாள், ஜூடித் யசோதாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பெல்லாம் மூடி, புதுத் தோல் வந்திருந்தது. மெஷினில் ஒருமுறை அழுத்தச் சொல்லிவிட்டு, "விழுந்திடுச்சு" என்றாள்.

"பாத்தியா, எல்லாம் என் உழைப்பு!" காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அசோகன் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணப் போனான்.

அவன் தலை மறைந்ததும் ஜூடித் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காத யசோதா. உன் ரேகை முதல் நாளே விழுந்திடுச்சு. அந்தக் கையப் பாத்ததும் உண்மையச் சொல்ல எனக்கு மனசு வரல."

"தெரியும்க்கா. அன்னிக்கே பதிவு முடிஞ்சிடுச்சுன்னு என் போனுக்கு மெசேஜ் வந்திடுச்சு" என்றாள் யசோதா. "இன்னும் ஒரு பத்து நாள் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"