கருகுகிற வாசனை

குடைமிளகாயின் தலையைச் சீவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளை விதைகள் கும்பலாக உட்கார்ந்து ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தன.

விரலை விட்டுக் கூட்டத்தைக் கலைத்தாள்.

சிவப்பு, மஞ்சள், பச்சை. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவற்றின் மேல் சோம்பலாகப் படுத்திருந்தது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தன.

காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு எதுவுமே அப்படித்தான். அவள் கரண்டியின் கீழேதான் வெங்காயம் வதங்கும். ஆனால் பக்கத்து வீட்டில் வதங்குவதுபோல இருக்கும். சோப்புக்கு வாசனை இல்லை. மழைக்கு வாசனை இல்லை. கனவில் வாசனை வருவதில்லையே, அந்த மாதிரி நாள் முழுக்க ஒரு கனவுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? நாத்தனார் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே ‘கைமணம்’. போனில் கூப்பிட்டாலும் “என்ன கைமணம், சாப்பிட்டாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

நாத்தனாரைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். வீட்டுக்காரரைத்தான் முடியாது.

அவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் ஒரு விளையாட்டை ஆரம்பித்தார், இன்னும் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, அன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வார். சரியாகச் சொல்லிவிட்டால் கோப்பையை வென்றவர்போல் உள்ளே வருவார். சண்டை போட்ட நாட்களில்கூடச் சமையலைச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை. அவர்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அது ஒன்றுதான். கைமணம் போய்விட்டதென்று தெரிந்தால் அதுவும் போய்விடும் என்று பயந்தாள்.

காய்ச்சல் இருவரையும் ஒன்றாகத்தான் படுக்கப் போட்டது. எழுந்து வேலைக்குப் போன முதல் நாளே அவர் வந்து நின்று, கண்ணை மூடி, “கத்திரிக்காய்!” என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷனின் மூக்கு தப்பித்துவிட்டது. அவள் சமையலும் இன்னும் மணக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் தவறவிடவில்லை. முன்பாவது அவ்வப்போது கோட்டை விடுவார்.

விதைகளையும் காளான் காம்புகளையும் அள்ளி, பக்கத்துச் சந்தில் இருந்த குப்பைக்கூடையில் போட்டு மூடிவிட்டு வந்தாள். முன்கேட் கிறீச்சிடுகிறது என்று அவரும் இப்போதெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறார். எண்ணெய் விடச் சொன்னால் காதில் வாங்குவதில்லை.

டாக்டர் வெள்ளைச் சோற்றுக்குத் தடை போட்டதிலிருந்து தவிட்டோடு கூடிய முழுக் கோதுமைதான். இரவே ஊறவைத்து, பல்லுக்கடியில் பட்டென்று வெடிக்கும் பதத்துக்கு வேகவைத்திருந்தாள். வெங்காயத்தைக் கண்ணால் பார்த்து வதக்கினாள். காளான் தண்ணீர் வற்றிச் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டாள். கோதுமையைக் கொட்டிக் கிளறி, நாக்கில் வைத்து உப்பு மட்டும் பார்த்தாள்.

குடைமிளகாய்களில் அடைத்தாள். மஞ்சளுக்குச் சிவப்புத் தொப்பியை மாட்டிப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு, மறுபடி அதனதன் தலையை அதனதன் மேல் வைத்தாள். தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகில் வெயில் இதமாக இருந்தது. கண் சொக்கியது. எங்கோ தூரத்தில் யாரோ நடந்து வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது சமையலறைக் கதவருகே அவர் நின்றிருந்தார். காக்கிச் சட்டை, மூடிய கண்கள், உயர்த்திய மூக்கு.

“குடைமிளகாய்! உள்ள காளான். அடியில தோல் கருகுது பாரு, சீக்கிரம் எடு. தெருமுனையிலேயே மூக்கைத் துளைச்சிடுச்சு!”

அவள் பதறி எழுந்தாள். இரண்டு மணி நேரமாவது தூங்கியிருப்பாள். துணியைப் பிடித்துக்கொண்டு ஓவனைத் திறந்து, சூட்டுக்குப் பயந்து முகத்தைத் திருப்பினாள்.

சூடே வரவில்லை.

தட்டைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. குடைமிளகாய்கள் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு அப்படியே நின்றன. ஓவனின் குமிழைத் திருப்பவே மறந்திருந்தாள். முன்பென்றால் வாசனை வராததே அவளை எழுப்பியிருக்கும்.

குந்தியபடியே திரும்பிப் பார்த்தாள். அவர் காலுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு வெளியே, சந்து தெரிந்தது. குப்பைக்கூடையின் மூடி தரையில் கிடந்தது.

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை நாளும் இதே கனவுக்குள் இவரும் தனியாகத்தான் அலைந்திருக்கிறார்.

“நல்லவேளை சொன்னீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தீஞ்சே போயிருக்கும்” என்றாள். சத்தமில்லாமல் குமிழைத் திருப்பினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். கோப்பையை வென்றுவிட்டார்.

கைகால் கழுவ அவர் உள்ளே போனதும் அவள் சந்துக்குப் போனாள். மூடியை எடுத்துக் கூடையின் மேல் வைக்கப் போனவள், வைக்காமல் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தாள்.

நாளைக்குப் பூசணி. தோலை மேலாக, நன்றாகத் தெரியும்படி போட வேண்டும்.