பேசவே மாட்டேங்கறாரு

"இங்க இருக்கிற மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறாரு. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு!"

உமாமகேஸ்வரி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். சிங்கப்பூர் பூன் லே பகுதியில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன செஞ்சான்?" என்றது போனில் வந்த குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பது நன்றாகவே தெரிந்தது.

"என்ன செய்யலைன்னு கேளுங்க. வேலை விட்டு வந்தாரு. 'டீ போடட்டுமா?'ன்னேன். 'ம்'னாரு. குடிச்சாரு. 'நல்லா இருக்கா?'ன்னேன். அதுக்கும் ஒரு 'ம்'. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தியாச்சு."

"ரெண்டு 'ம்' சொன்னானே! முன்னேற்றம்தான் லா" என்றது குரல், இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குரலிடம் மட்டும்தான் மனசில் இருப்பதை எல்லாம் கொட்ட முடிகிறது. புருஷன் உள்ளே இருக்கும்போது, சமையலறையில் நின்று போனில் ஒரு ஆணோடு குசுகுசுவென்று பேசிச் சிரிக்கிறவளைப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகத்தான் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்! வாய் நிறையப் பேச்சை வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் இருந்து பார்த்தால் தெரியும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புதுக்கோட்டையில் தாலி கட்டிய சூட்டோடு ரஞ்சன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். அவன் இந்த ஊர்க் குடிமகன். மனைவியைக் கூடவே வைத்துக்கொள்ள நீண்டகால பாஸுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. 'பரிசீலனையில் இருக்கிறது' என்பதைத் தவிர இன்றுவரை வேறு பதில் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு மாத விசிட் விசாவில் உமாவே கிளம்பி வந்தாள். அந்த மாதமும் ஓடிவிட்டது. நாளை மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

பாஸ் கிடைத்துவிட்டால் ஊரில் பார்க்கும் டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக இங்கே வந்துவிட வேண்டும். வரலாமா, வேண்டாமா? அதுதான் அவளைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனானா இல்லையா?"

"போனாரு. கத்தரிக்காயா, வெண்டைக்காயான்னு கேட்டேன். ரெண்டையும் அள்ளிப் பையில போட்டுட்டாரு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்காரு?"

"பூ வாங்கினானே?"

"வாங்கினாரு. கையில குடுத்தா என்னவாம்? ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டாரு. பூ எனக்கா, ஃப்ரிட்ஜுக்கா?"

போனில் பலத்த சிரிப்பு. "கையில குடுத்தா நீ நிமிந்து அவனைப் பாப்பே. அந்தப் பயம்தான்."

"நான் என்ன பேயா, பிசாசா? மேல் வீட்டு லீலாக்கா லிஃப்டுல வெச்சுக் கேக்கறாங்க, 'உன் புருஷனுக்குப் பேச்சு வருமா லா?'ன்னு. எனக்கு மானமே போச்சு!"

"மெதுவா பேசு. அவன் காதுல விழப்போகுது."

"விழட்டும்! விழணும்னுதானே இவ்வளவும் பேசறேன்!"

வெங்காயத்தைச் சட்டியில் கொட்டிக் கிளறினாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இங்க வேற யாராவது இருக்காங்களா?"

"ஐயையோ! சத்தியமா இல்ல, உமா!"

"நீங்க எப்படிச் சத்தியம் பண்றீங்க?"

குரல் கொஞ்சம் தடுமாறியது. "அவனை எனக்குத் தெரியும். சின்ன வயசுலேயே அம்மா போயிட்டாங்க. அப்பாவுக்கு எப்பவும் வேலை. ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல ஈ காக்கா இருக்காது. அப்படி வளந்தவன் எதிர்ல வந்து உக்காந்து, 'நல்லா இருக்கா?'ன்னு ஒருத்தி கேட்டா, என்ன சொல்றதுன்னு அவனுக்குத் தெரியல. உன்னைப் பிடிக்காம இல்ல. ரொம்பப் பிடிச்சுப்போய்த்தான் நாக்கு ஒட்டிக்குது."

உமா அடுப்பை அணைத்தாள். கேட்கக் கேட்க உருகிப்போகிறது. ஆனால் போனை வைத்ததும் மறுபடி அந்த 'ம்'தானே? யாரை நம்பி வேலையை விடுவது? யாரைத்தான் கட்டிக்கொண்டோம் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்னா எல்லாம் சரியாத்தான் படுது. ஆனா நான் குடும்பம் நடத்தப்போறது இந்தப் போனோட இல்லையே. அந்த மனுஷனோடதானே? பாஸ் வந்தா நான் வரணுமா, வேண்டாமா?"

"வரணும். கண்டிப்பா வரணும்."

"நீங்க சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவர் சொல்லணும். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். இல்லேன்னா விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடச் சொல்லுங்க."

சட்டென்று போன் கட்டாகிவிட்டது.

உமா போனைச் சமையல் மேடையில் வைத்தாள். அதிகப்படியாகப் பேசிவிட்டோமோ?

படுக்கையறைக் கதவு திறந்தது. ரஞ்சன் வெளியே வந்து சமையலறை வாசலில் நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை. அவள் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேலையை விட்டுட்டு வந்துடு, உமா" என்றான், இத்தனை நேரமும் போனில் அவளோடு பேசிக்கொண்டிருந்த அதே குரலில்.