மூன்று சுளை

நாரை வைத்தியர் வயிற்றைச் சுருக்கித் தைத்த பிறகு, கரடி முதன்முதலாகப் போனது பன்றி வீட்டுப் பலா விருந்துக்கு. முன்பெல்லாம் அது முழுப் பழத்தையும் ஒற்றை ஆளாய்த் தின்று தீர்க்கும். காடே கூடிநின்று கைதட்டும். இன்று மூன்று சுளையோடு இலையை மூடிவிட்டது.

பன்றி பதறியது. "என்னண்ணே, கோழி கொத்தின மாதிரி! இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனக்காக!"

இனி தன்னை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று கரடிக்கு ஒரு கணம் பயம் வந்தது. ஆனாலும் இலைமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"போதும் தம்பி. இப்படி உட்காரு. பத்து வருஷமா உன் வீட்டுல தின்னிருக்கேன். உனக்கு எத்தனை குட்டின்னு ஒருநாளும் கேட்டதில்லையே?"

பன்றி கையிலிருந்த சுளைத் தட்டைக் கீழே வைத்தது.

"ஏழுண்ணே," என்று பக்கத்தில் உட்கார்ந்து, மூத்தவளிலிருந்து பேர் சொல்லத் தொடங்கியது.