சடைச்சியின் முகம்

"மூஞ்சி தொங்கிப்போச்சு. இன்னுமா நீ முன்னாடி நடக்கப்போறே?" என்று இளம் ஆண்யானை கொம்பன் எல்லார் எதிரிலும் கேட்டதிலிருந்து சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக அந்த யானைக்கூட்டத்தைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகிறவள் அவள்தான். அந்தி சாயும் நேரம் முகத்தைச் சரிபண்ண மின்மினியையும் தையல்சிட்டையும் வரவழைத்தாள்.

"மேல்தோலை மட்டும் சுட்டு எடுத்துடறேன், ஆத்தா. அடியிலிருந்து புதுசா வரும்," என்றது மின்மினி. "மூணு மாசம் வெயில் மட்டும் படக்கூடாது."

"சுட்டா சுருக்கம்தான் போகும், தொங்கல் போகுமா?" என்று சீறியது சிட்டு. "காதுக்குப் பின்னால வெட்டி, இழுத்துத் தைக்கணும்."

"உன் தையல் இலைக்குத்தான் லாயக்கு!"

"நீ போய் புதருக்கு வெளிச்சம் போடு!"

இரண்டும் அவள் முகத்தின் மேலேயே உட்கார்ந்து சண்டை போட்டன. சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "தைச்ச பிறகு?"

"மூணு மாசம் பிளிறக்கூடாது. கோபமே படக்கூடாது. தையல் பிரிஞ்சிடும்."

"புலி வந்தா?"

"லேசாச் சிரிச்சிக்கிட்டே நில்லுங்க, ஆத்தா."

சடைச்சி தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினாள். மின்மினி ஒரு பக்கமும் சிட்டு ஒரு பக்கமும் தெறித்து விழுந்தன. ஆற்றங்கரையில் கொம்பன் வாயிலிருந்த மூங்கிலைக் கீழே போட்டுவிட்டான்.

"என்ன சத்தம் அது?"

"என் மூஞ்சிடா!" என்றாள் சடைச்சி. "நாளைக்கும் இதுதான் முன்னாடி போகும். பிடிக்கலேன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பின்னாடி வா."